காப்பியில் விஷம்

அத்தியாயம் 4

முதலில் ஒரே ஓர் எழுத்துதான் விழுந்தது.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகளாகப் பாட்டு நின்றிருந்தது. மாதா கோயில் பாட்டு. தமிழ் படிக்கத் தெரியாத இளசுகளுக்காக இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்த தமிழ்ப் பாட்டு. 'கருணையின் நாதரே, கதவைத் திறவும்' என்று முதல் வரி. அந்த நாதரேயிலிருந்து ஓர் எழுத்து கழன்றது. மெதுவாகக் கீழே இறங்கி, திரையின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இரண்டு, மூன்றாக. கொஞ்ச நேரத்தில் பாட்டு முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்து அடியில் குவிந்துவிட்டது. கருணையும் இல்லை, கதவும் இல்லை.

என் கால் தானாகப் பின்னால் நகர்ந்து ஒரு நாற்காலியில் இடித்தது.

"அதுல உக்காராத தம்பி," என்றார் பிரிஜெட் அக்கா. "அது அவரு நாற்காலி."

உட்காரும் எண்ணம் எனக்கு இல்லை. ஓடும் எண்ணம்தான் இருந்தது.

என் பெயர் இருளப்பன். பெயரில்தான் இருளுக்கு அப்பன். கரண்டு போனால் நான் கைக்குழந்தை. சுங்கை பட்டாணி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், இப்போது துப்பறிவாளர் நவமணி அக்காவுக்கு உதவியாள். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, ஒரு வார்த்தை இடம் மாறினாலும் திடுக்கிடுகிற காது அவருக்கு வந்துவிட்டது. சம்பளத்துக்குக் கேட்டது போதும், இனிமேல் சொந்தமாகக் கேட்கலாம் என்று இந்தத் தொழிலில் இறங்கினார்.

எண்பத்தொன்பதாம் வருஷத்தில் பாடாங் செராயில் வீட்டுக்குள் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒருவர் லியோனார்ட். தோட்டத்து ஒப்பீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கோடியில் வீடு. பின்வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்கள்தான். போன மாதம் ஒரு காலையில் இதே பெட்டியின் முன்னாலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், அன்றைக்கே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வீட்டில் இந்தக் கூத்து.

"தெனம் சாயங்காலம் போட்டுப் பாக்குறேன்," என்றார் பிரிஜெட் அக்கா. லியோனார்டின் மனைவி. வெள்ளைச் சேலை, தூக்கமே இல்லாத கண்கள். "அவரு எப்படிப் போடுவாருன்னு பாத்து வச்சிருந்தேன். கொஞ்ச நேரம் பாட்டு சும்மா நிக்கும். அப்புறம் இப்படித்தான் விழும். அவரு என்னவோ சொல்ல வர்றாரு. கீழ கெடக்குறத கூட்டிக் கூட்டிப் படிக்கிறேன், எனக்குத்தான் வெளங்கல."

"வேற யாரு பாத்தா?" என்றார் நவமணி அக்கா.

"லயத்துக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. மலாய்க்காரங்க சொல்ற மாதிரி ஹந்து கம்ப்யூட்டராம், பேய்ப் பெட்டியாம். கும்புட்டு, லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டுட்டுப் போறாங்க. ஒரு பெரியவரு தேங்காயே கொண்டாந்து ஒடைக்கப் பாத்தாரு."

"நம்பர் அடிச்சிச்சாக்கா?" என்றேன் நான்.

நவமணி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நம்பரை மறந்தேன்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் காட்டில் மழைக்கு முதலில் சத்தம் வரும், அப்புறம்தான் தண்ணீர் வரும். அந்தச் சத்தம் வீட்டை நெருங்கி வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. பெட்டி மட்டும் அதன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு என்னக்கா நடந்துச்சு? நீங்க பாத்தது, கேட்டது. அது போதும்," என்றார் நவமணி அக்கா.

பிரிஜெட் அக்கா கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். "காலைல பால் இல்லாம கோப்பி ஓ போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு இங்க வந்து உக்காந்தாரு. நான் அடுப்படியில இருந்தேன். திடீர்னு, 'ஐயோ, போச்சே'ன்னு ஒரு சத்தம். ஓடி வந்து பாத்தா வேர்த்து ஊத்துது. பக்கத்து வீடுதான் இவரு தம்பி, பெர்னார்ட். அவரு காடிய எடுத்தாரு. பின்னால நானும் இவரும். தலைய என் மடியில வச்சிருந்தேன். பாதி வழியில கண்ணத் தொறக்காமலே பேசுனாரு."

"என்ன பேசுனாரு?"

"'நீ குடுத்த காப்பியிலதான் விஷம். ஹெர்பர்ட்கிட்ட சொல்லிடு.' அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேச்சில்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க. அவரு சொன்ன மாதிரியே, ஒரு எழுத்து மாறாம."

சொன்னார். சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். நவமணி அக்கா தலையைச் சாய்த்து, இல்லாத டெலிபோனைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு, ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா நான் என் காதால கேட்டேனே, தங்கச்சி. எலி மருந்து சீனி டப்பா பக்கத்துலதான் இருந்துச்சு. அரத் தூக்கத்துல கைய மாத்தி வச்சிட்டேனோ? நெனச்சி நெனச்சிப் பாக்குறேன், ஞாபகம் வரல." அவர் குரல் உடைந்தது. "நான் என் புருஷனக் கொன்னுட்டேனா இல்லியா? அத மட்டும் கண்டுபுடிச்சிச் சொல்லுங்க. கொன்னுட்டேன்னா அதயும் சொல்லிடுங்க."

எத்தனையோ பேர் எங்களிடம் வந்து யார் கொலைகாரன் என்று கேட்டிருக்கிறார்கள். நான்தானா என்று கேட்டு யாரும் வந்ததில்லை. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு கிண்டலும் இல்லை.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டது. பெர்னார்ட் வந்தார். தமிழ்ப்பள்ளி வாத்தியார். நாங்கள் காடி என்பதை அவர் மகிழுந்து என்பார். ஒப்பீஸ் என்றால் அலுவலகம் என்று அங்கேயே நிறுத்தித் திருத்துவார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் போனதில் பாதியாகியிருந்தார்.

"உக்காருங்க தம்பி. கோப்பி போடட்டுமா?" என்று பிரிஜெட் அக்கா பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"வேண்டாம் அண்ணி," என்றார் பெர்னார்ட் தரையைப் பார்த்து. "இந்த வீட்டில் இனி எனக்குக் காப்பி வேண்டாம்." பிறகு நவமணி அக்காவிடம் திரும்பினார். "நாளைக் காலையில் காவல் நிலையம் போகிறேன். கல்லறையைத் தோண்டிச் சோதிக்கச் சொல்லப் போகிறேன். அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். அண்ணன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டிய நான், மண்வெட்டியோடு போக வேண்டியிருக்கிறது. எனக்கும் அண்ணியைப் பிடிக்கும். ஆனால் அண்ணன் சொன்னதை நானும் கேட்டேன். வண்டியை ஓட்டியது நான்தான்."

"ஹெர்பர்ட் யாரு சார்?"

"திகாம் பத்து என்னும் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரஸ்ஸர். தொழிலாளிகளுக்கு மருந்து கொடுப்பவர். அண்ணனோடு சேர்ந்து பாட்டுப் புத்தகம் தயாரித்தவர். மருந்து தெரிந்தவரல்லவா, என்ன விஷம் என்று அவரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதில் சந்தேகம் என்ன?"

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

பெர்னார்ட் தயங்கினார். "இல்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே."

"அடக்கத்துக்கு வந்தாரா?"

"வந்தார். ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போய்விட்டார்."

நவமணி அக்கா எழுந்தார். "சாகப் போற மனுசன் உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு காரியம். அத யாரும் செய்யல. வா இருளு, நாம போய் சொல்லிட்டு வருவோம்."

*

அக்காவின் மோரிஸ் மைனர் காடிக்குள் வெளியில் பெய்ததைவிடக் கொஞ்சம் குறைவாக மழை பெய்தது. என் முழங்காலில் ஒரு டப்பாவை வைத்து ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நெனக்கிற?" என்றார் அக்கா.

"பிரிஜெட் அக்கா கொன்னிருக்க மாட்டாங்க. கொன்னவங்க தெனம் சாயங்காலம் ஆவியக் கூப்புட்டு வச்சிக்கிட்டுப் பேச மாட்டாங்க லா."

"ஆவிய நம்புறியா?"

"பகல்ல இல்ல."

இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. மழையில் ஒவ்வொரு வரிசைக்கு நடுவிலும் யாரோ நிற்பது போலவே இருந்தது. நான் நேராகச் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"இருளு, நீ காலைல என்ன குடிப்ப?"

"கோப்பி. ஏன்?"

"நானும் கோப்பிதான். நம்ம பக்கம் எல்லாருமே கோப்பிதான்." அக்கா கண்ணாடியைத் துடைத்தார். "பிரிஜெட் அக்காவும் அப்படித்தான் சொன்னாங்க. புருஷன் பேசுனதச் சொல்றப்ப மட்டும் காப்பின்னாங்க. ரெண்டு தடவையும்."

"வாத்தியார் காப்பின்னுதானே சொல்றாரு. மெட்ராஸ் பத்திரிகை படிச்சிப் படிச்சி அப்படி ஆயிருச்சு."

"செத்தது வாத்தியார் இல்லியே."

அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டு வண்டியை விரட்டினார். காதில் ஏதோ சிக்கிவிட்டால் அவர் அப்படித்தான். எனக்கு இந்தச் சின்ன விஷயத்துக்குப் பெட்ரோல் செலவா என்று இருந்தது.

*

ஹெர்பர்ட் கதவைப் பாதிதான் திறந்தார். ஒல்லியான மனிதர். "லியோனார்ட் அண்ணன் வீட்டுலேருந்து வர்றோம்," என்று நவமணி அக்கா சொன்னதும் அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

உள்ளே மூலையில் ஒரு மேசை. அதன் மேல் எதையோ வைத்து வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். துணியின் மேல் ஜெபமாலை. பக்கத்தில் மந்திரித்த தண்ணீர் சீசா. கண்டதும் பிணம் என்றே நினைத்துவிட்டேன். நல்லவேளை, பிணத்துக்கு மின்சார ஒயர் இருக்காது.

"கம்ப்யூட்டரா?" என்றார் அக்கா.

"தொடாதீங்க. அண்ணன் எம்மேல கோவமா இருக்காரு." ஹெர்பர்ட் நாற்காலியில் சரிந்தார். "பாட்டுப் புத்தகத்துல யாரு பேரு முதல்ல போடுறதுன்னு ரெண்டு பேருக்கும் பேச்சு தடிச்சிப் போச்சு. சமாதானம் ஆகுறதுக்குள்ள போயிட்டாரு. அடக்கம் பண்ணிட்டு வந்து, அவரு நெனவா பாட்டப் போட்டுப் பாத்தேன். கண்ணு முன்னாலயே எழுத்தெல்லாம் கழண்டு விழுது. பாட்டே எனக்கு வேணாம்னு பிச்சிப் போடுறாரு."

நவமணி அக்காவின் முகம் மாறியது. பயத்தில் இல்லை, கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

"அங்க பாடாங் செராயிலயும் விழுதே," என்றார்.

"அங்கயுமா?"

"அக்கா, நான் கண்டக்டரா இருந்தவன்," என்றேன். "செத்தவரு அங்க எழுத்தக் கொட்டிட்டு, இங்க வந்தும் கொட்டணும்னா பஸ் மாறணும். ஆவிக்கு யாரு டிக்கெட் குடுத்தா?"

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றார் அக்கா. "ஹெர்பர்ட் தம்பி, அந்த வீட்டுலேருந்து இந்த வீட்டுக்கு என்ன வந்துச்சு?"

"ஒன்னும் வரலியே. பாட்டு மட்டும்தான்."

"எப்படி வந்துச்சு?"

"டிஸ்கெட்லதான். அண்ணன் குடுத்த காப்பி."

அந்த வார்த்தை விழுந்தது எனக்கும் கேட்டது. ஆனால் என் நாக்கு என்னைவிட வேகம். "அத பெர்னார்ட் வாத்தியார்கிட்ட சொல்லிடாதீங்க. சீனி போட்டதா, போடாததான்னு கேப்பாரு."

ஹெர்பர்ட் சிரிக்கவில்லை. நவமணி அக்காவும் சிரிக்கவில்லை. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார், வளையல் அழுத்தியது. கண்டக்டராக இருந்த காலம் தொட்டு நான் அடித்த ஜோக்குகளில் இதற்குத்தான் இப்படி ஒரு மரியாதை.

"தம்பி," என்றார் அக்கா மெதுவாக. "லியோனார்ட் அண்ணன் காலைல என்ன குடிப்பாரு?"

"கோப்பி ஓ."

"ஒரு டிஸ்கெட்ல இருக்குறத இன்னொரு டிஸ்கெட்ல எடுத்தா, அத என்னம்பாரு?"

"காப்பி. காப்பி எடுத்து வச்சேன், காப்பி குடுத்தேன்னுதான் சொல்லுவாரு. கிராணி இல்லியா, ஒப்பீஸ்ல தெனம் அதே பேச்சுத்தானே."

"சரி. விஷம்?"

"என்ன விஷம்?"

"காப்பியில விஷம் இருக்குன்னு அவரு சொன்னா, நீங்க என்ன அர்த்தம் பண்ணுவீங்க?"

ஹெர்பர்ட் எழுந்து போய், மூடியிருந்த துணியையே வெறித்துப் பார்த்தார். "ஏசுவே," என்றார். "அண்ணன் சின்ன வயசுல செமினாரியில இருந்தவரு. சாமியாராப் போகல, லத்தீன் மட்டும் ஒட்டிக்கிச்சு. ஒரு நாள் இங்கிலீஷ் பேப்பர்ல படிச்சிட்டு வந்து சொன்னாரு. கம்ப்யூட்டருக்கும் சீக்கு வருதாம், வைரஸாம், டிஸ்கெட் மூலமா ஒட்டுதாம். லத்தீன்ல வைரஸ்னா விஷம்டா ஹெர்பர்ட், விஷம்னே சொல்லுன்னாரு. நான் சிரிச்சிட்டேன். சீக்கு வந்தா மிஷின் நின்னு போகும்னு நெனச்சேன். பாட்டக் கொட்டும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சரி, அவருக்கு அது எங்கேருந்து ஒட்டுச்சு?"

"அது தெரியல. புதுசா செஸ் ஆட்டம் ஒன்னு கெடச்சிருக்கு, வா விளையாடலாம்னாரு. பாட்டு டிஸ்கெட்டும் அப்பக் குடுத்ததுதான்."

நவமணி அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார். "சீல் ஒடைக்காத நல்ல டிஸ்கெட் இருந்தா எடுத்துக்குங்க. எங்களோட வாங்க. பொழுது சாயறதுக்குள்ள ஒரு பேய ஓட்டணும்."

*

பிரிஜெட் அக்கா வீட்டில் பெர்னார்டையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் ஹெர்பர்டைப் பார்த்ததும், "என்ன விஷம் என்று தெரிந்ததா?" என்றார் ஆவலாக.

"தெரிஞ்சிச்சு. பொறுங்க," என்றார் நவமணி அக்கா.

ஹெர்பர்ட் தன் பையிலிருந்து பினாங்கில் வாங்கிய புது டிஸ்கெட்டை எடுத்தார். ஓரத்தில் இருந்த வெட்டின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "இத ஒட்டிட்டா இதுக்குள்ள எதுவும் புகுந்து எழுத முடியாது," என்று விளக்கினார். அதைப் போட்டுப் பெட்டியைத் தொடக்கினார். அதிலிருந்தே எழுத்து தட்டுகிற புரோகிராமையும் எடுத்து, பாட்டைத் திறந்தார். பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. 'கருணையின் நாதரே, கதவைத் திறவும்.'

எல்லோரும் காத்திருந்தோம். மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வழக்கமாக விழும் நேரம் வந்தது. தாண்டியது. ஓர் எழுத்தும் அசையவில்லை.

"ஏன் விழல?" என்றார் பிரிஜெட் அக்கா. அவர் குரலில் சந்தோஷத்தைவிடப் பதற்றம்தான் அதிகம். நான் அப்போது அதைக் கவனித்தேன், காரணம் புரியவில்லை.

நவமணி அக்கா மேசை மேலிருந்த டிஸ்கெட் டப்பாவைத் திறந்து புரட்டினார். எல்லா டிஸ்கெட்டிலும் லியோனார்ட் இங்கிலீஷில் டைப் அடித்து ஒட்டியிருந்தார். ஒன்றில் மட்டும் பேனாவால் தமிழ். அச்சு மாதிரி, சுழிகூட பிசகாத எழுத்து. அக்கா அதை எடுத்து எனக்குக் காட்டினார். 'சதுரங்கம் — நகல்.'

"ஊரே செஸ்ங்குது. சதுரங்கம்னு எழுத இந்த வட்டாரத்துல எத்தன பேரு இருக்காங்க, இருளு?"

நான் வாத்தியாரைப் பார்த்தேன். எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

"ஆமாம், நான்தான் கொடுத்தேன்," என்றார் பெர்னார்ட். "பள்ளியில் ஒரு நண்பரிடமிருந்து எடுத்தேன். அண்ணனுக்குச் சதுரங்கம் என்றால் உயிர். அதற்கென்ன?"

ஹெர்பர்ட் அதைப் போட்டு ஓட்டினார். ராஜாவும் குதிரையும் வந்தன. ஆட்டத்தை மூடிவிட்டு மறுபடி பாட்டைத் திறந்தார். நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு நாதரேயிலிருந்து ஓர் எழுத்து கழன்று இறங்கியது. அடுத்து ஒன்று. பாட்டு உதிர்ந்தது.

"பேய் இதுக்குள்ளதான் குடியிருக்கு," என்றார் நவமணி அக்கா. "பாட்டுக்கு ஒன்னும் ஆகல, உள்ள பத்திரமா இருக்கு. கண்ணுக்குத்தான் இப்படிக் கொட்டிக் காட்டுது. சார், உங்க தமிழ்ல காப்பின்னா என்ன?"

"குடிக்கிற காப்பி."

"ஒன்னப் பாத்து அதே மாதிரி இன்னொன்னு எடுத்தா?"

"நகல். அதில்தான் எழுதியிருக்கிறேனே."

"உங்க அண்ணன் ஆயுசுல ஒரு நாளாச்சும் குடிக்கிறதக் காப்பின்னு சொல்லியிருக்காரா?"

"எத்தனை தடவை திருத்தினாலும் அவர்…" பெர்னார்டின் குரல் பாதியில் நின்றது. "கோப்பி என்றுதான் சொல்வார்."

"உங்க தமிழ்ல காப்பிக்குக் குடிக்கிறதத் தவிர வேற அர்த்தமே இல்ல. அவரு தமிழ்ல காப்பியக் குடிக்கவே முடியாது. அன்னிக்குக் காலைலதான் முதல் தடவையா எழுத்து விழுந்திருக்கு. அதப் பாத்துத்தான் 'ஐயோ, போச்சே'ன்னு கத்தியிருக்காரு. ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு, தாங்கல. ஹெர்பர்ட்டுக்கும் ஒரு காப்பி குடுத்தாச்சே, அதுலயும் வைரஸ் போயிருக்குமேன்னு மனசு கெடந்து அடிச்சிருக்கு. வெளியிலேருந்து புதுசா வந்தது சதுரங்கம் ஒன்னுதான். அதக் குடுத்து, அன்னிக்குக் காடிய ஓட்டிக்கிட்டிருந்த தம்பிகிட்டதான் சொன்னாரு. 'நீ குடுத்த காப்பியிலதான் விஷம். ஹெர்பர்ட்கிட்ட சொல்லிடு.'"

பெர்னார்ட் எழுந்தார். அண்ணியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அந்த மனிதரிடம் அத்தனை தமிழ் இருந்தும் ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அப்ப நான் கொல்லல," என்றார் பிரிஜெட் அக்கா.

"இல்லக்கா."

"எலி மருந்து…"

"அது சீனி டப்பா பக்கத்துலயேதான் இருந்திருக்கு. உங்க கோப்பியில ஒன்னும் இல்ல. ஒரு குத்தமும் உங்க மேல இல்ல."

எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. ஹெர்பர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நவமணி அக்கா பிரிஜெட் அக்காவின் தோளைத் தொட்டார். நாங்கள் பார்த்த கேஸ்களில் இவ்வளவு நல்ல செய்தியோடு முடிந்தது வேறு இல்லை.

பிரிஜெட் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த 'நீ' நான் இல்லியா?"

"நீங்க இல்லக்கா. தம்பிதான்," என்றார் நவமணி அக்கா இன்னும் சந்தோஷம் மாறாமல்.

"அப்ப எங்கிட்ட என்ன சொன்னாரு?"

நவமணி அக்காவின் கை அவர் தோளிலேயே நின்றுவிட்டது.

"என் மடியிலதான் தலைய வச்சிருந்தாரு. தலையக் கோதி விட்டுக்கிட்டே வந்தேன்." பிரிஜெட் அக்கா அழாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "கொலகாரின்னு நெனச்சி ராத்திரியெல்லாம் கெடந்து துடிச்சேன், தங்கச்சி. ஆனா அப்பக்கூட எனக்குன்னு ஒன்னு இருந்துச்சு. திட்டுனாரோ சபிச்சாரோ, கடைசிப் பேச்சு என்னோடன்னு. இங்க வந்து கொட்டுனதும் எனக்குன்னு. இப்ப பாத்தா, தம்பிகிட்ட டிஸ்கெட்டப் பத்திச் சொல்லிட்டு, எங்கிட்ட ஒன்னுமே சொல்லாமப் போயிருக்காரு."

ஆயிரம் டெலிபோன்களில் ஊரையே இணைத்துப் பேசவைத்த நவமணி அக்கா, அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே எறியலாம் போல ஆத்திரமாக வந்தது.

ஹெர்பர்ட் மெதுவாக, நல்ல டிஸ்கெட்டைக் கையில் எடுத்தார். "இதப் போட்டு எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிடுறேன்க்கா. இனிமே விழாது."

பிரிஜெட் அக்கா போய் லியோனார்டின் நாற்காலியில் உட்கார்ந்தார். திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேணாம் தம்பி. அந்தப் பாட்ட இன்னொரு தடவ தொறந்து விடு," என்றார். "விழட்டும்."

ஹெர்பர்ட் எங்களைப் பார்த்தார். நவமணி அக்கா தலையசைத்தார். ஹெர்பர்ட் பாட்டைத் திறந்து வைத்துவிட்டு, எங்களோடு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.